கோடு போட்ட பெயர்

பொரளை, கொழும்பு
10 பெப்ரவரி 1963

அன்புள்ள அத்தானுக்கு,

இதை அக்காவின் கடிதத்தோடு சேர்க்காமல் உங்கள் கந்தோர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அக்கா கையில் கிடைத்தால் அரிசி டின்னுக்குப் பின்னால் செருகிவிடுவாள். ஒரு வாரம் கழித்து, "அட, உங்களுக்கு ஒரு காயிதம் வந்துச்சே" என்று எடுத்துத் தருவாள்.

கணக்குப் படித்த பெண்ணுக்குக் கொழும்பில் என்ன உத்தியோகம் என்று தோட்டத்து லயத்தில் எல்லோரும் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கே அது விளங்க ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் கந்தோரில் அலுமாரி அளவில் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து வரும் விபரங்களை அட்டைகளில் துளைகளாகக் குத்துவார்கள். ஓர் ஆளுக்கு மாதம் ஓர் அட்டை. இயந்திரம் அந்த அட்டைகளைப் படித்துப் பட்டியலாக அச்சடித்துத் தள்ளும். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு பலகை. பலகை முழுவதும் ஓட்டைகள். அவற்றில் கம்பிகளைச் செருகி வழிகாட்டுவதுதான் என் வேலை. அட்டை குத்தும் பெண்களின் தலைவி டோரீன் அந்தப் பலகைக்கு 'ஐவியின் இடியப்பத் தட்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஆட்களின் பேரும் வேலை நாளும் பதியும் செக்ரோலை ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால், ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை செய்ய வேண்டும். ஒரு பலகைக்கு ஆறு வாரமாவது பிடிக்கிறது. இந்த வருடம் எங்களிடம் வந்த பன்னிரண்டு தோட்டங்களில் ஆனைக்குழியும் ஒன்று. அங்கே செக்ரோல் எழுதுபவர் என் அக்கா புருஷன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு மாதச் செக்ரோலின் பிரதியும், நீங்கள் போடும் குறிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்பதும் வேண்டும். அனுப்புவீர்களா?

அன்புடன்
ஐவி


ஆனைக்குழித் தோட்டம், உடப்புசல்லாவை
4 மார்ச் 1963

பட்டதாரிக் கொழுந்தியாளுக்கு,

பதிலுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். உன் அக்கா மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். நீதான் கந்தோர் விலாசத்துக்கு எழுதி அந்த வழியை அடைத்துவிட்டாயே.

ஜனவரி மாதச் செக்ரோலை என் கையாலேயே பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். முழுப்பேர், அரைப்பேர், ஆஸ்பத்திரி, பிள்ளைப்பேற்று லீவு எல்லாவற்றுக்கும் அர்த்தம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது எங்கள் தோட்டத்து வழக்கம். வேறு இடத்தில் இருக்கிறதோ என்னவோ.

தோட்டத்துத் துரையிடம் லீவு வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குப் போகிறவனின் பேரை நாங்கள் வெட்டுவதில்லை. அவன் பேருக்கு எதிரே, மாதத்தின் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை சிவப்பு மையில் ஒரே கோடு இழுப்போம். ஒவ்வொரு மாதமும் புதிதாகப் பேரை எழுதி, புதிதாகக் கோடு இழுப்போம். அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது, அவன் இந்தத் தோட்டத்து ஆள் என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. திரும்பி வரும்போது அனுமதி கொடுக்கும் கந்தோர் அவனைப் பற்றி விசாரித்தால், கோட்டைப் பார்த்துத்தான் நாங்கள் பதில் எழுதுவோம்.

போன வெள்ளிக்கிழமையும் அப்படி ஒரு கோடு போட்டேன். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் நம் அழகுமுத்துவுக்கு. நீ பேராதனைக்குப் படிக்கப் போன அன்று உன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து பஸ்ஸுக்குக் கொண்டுவந்து, "ஏந் தங்கச்சி, இதுக்குள்ள புத்தகமா, கருங்கல்லா?" என்று கேட்டானே, அவன்தான். துறையூரில் இருக்கும் தங்கைக்குக் கல்யாணமாம். திரும்பி வருவதற்கு ஆறு மாத அனுமதி வாங்கியிருக்கிறான். பெண்சாதி காளியாயியையும் இரண்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்து, நான் கோடு இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"ஐயா, நல்லா அழுத்திப் போடுங்க. நான் வர்றதுக்குள்ள மழத்தண்ணி பட்டு அழிஞ்சிறப் போகுது."

"கோடு இங்கதான்டா இருக்கும். நீ அங்க பொண்ணு கிண்ணு பாத்துக்கிட்டு நின்னுறாத."

காளியாயி சும்மா இருப்பாளா? "நின்னா நிக்கட்டுங்க ஐயா. கவ்வாத்துக் கத்தி பிடிக்க இங்க வேற ஆளா இல்ல?" என்றாள். கந்தோரே சிரித்தது.

சனிக்கிழமை விடிய இறங்கிப் போனான்.

உன் அத்தான்
பத்திநாதன்


பொரளை
15 மார்ச் 1963

அன்புள்ள அத்தானுக்கு,

பிரதி கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து டோரீன் அச்சடித்ததென்று நினைத்தாள். கோட்டைப் பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அழகுமுத்துவின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் இங்கே நிலைமை மாறிவிட்டது. எங்கள் மேலாளர் முத்துலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். நல்லவர்தான், சத்தம் போட மாட்டார். போன திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டார். மே மாத முடிவுக்குள் பன்னிரண்டு தோட்டங்களும் ஓட வேண்டுமாம்; இல்லாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடுமாம். "பன்ரண்டு தோட்டத்துக்குப் பன்ரண்டு பலகை எண்டால், நான் பென்சன் எடுத்தாப் பிறகுதான் முடியும். என்ன செய்யலாம், சொல்லுங்கோ" என்றார்.

என்னிடம் ஒரு யோசனை இருந்தது. வாய் வரவில்லை. ஒரு துண்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக இருப்பதை மட்டும் எடுத்து ஒரே பலகை செய்வது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனியாக இருக்கும் வழக்கங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. மத்தியானம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "உம்மடை எழுத்துத்தானே இது? கெதியாய்ச் செய்யும், பிள்ளை" என்றார். அத்தான், எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பயத்தினால் அல்ல, சந்தோஷம்.

ஆகவே ஏப்ரலிலிருந்து, மாதத்தில் ஒரு நாளாவது வேலை செய்தவர்களின் பெயரை மட்டும் அனுப்புங்கள். வேலை நாளே இல்லாத பெயருக்கு அட்டை குத்தினால் பெண்களுக்கு நேரம் போகிறது. கோட்டை இரண்டாம் தவணையில் சேர்த்துவிடுகிறேன்.

ஐவி


ஆனைக்குழி
24 மார்ச் 1963

அன்புள்ள ஐவி,

உன் யோசனையை மேலாளர் எடுத்துக்கொண்டார் என்று வாசித்ததும் உன் அக்கா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் ஒரு கேள்வி. அழகுமுத்துவை நான் எங்கே எழுதுவது?

அவன் மார்ச்சில் ஒரே ஒரு நாள் வேலை செய்தான். அதனால் மார்ச் செக்ரோலில் இருப்பான். ஏப்ரலில் நீ கேட்கிறபடி அனுப்பினால் அவன் இருக்க மாட்டான். புதிய துரை ஒரு கட்டளை போட்டிருக்கிறார்: கம்பெனிப் பட்டியல் வரத் தொடங்கியதும் செக்ரோல் புத்தகம் எழுதக் கூடாதாம். ஒரே வேலையை எதற்கு இரண்டு தரம் செய்கிறாய் என்று கேட்கிறார். நான் "யெஸ் சார்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்தத் தோட்டத்தில் கோடு போட்ட பேர் இப்போது மூன்று. மூன்று அட்டை குத்த உன் பெண்களுக்கு எவ்வளவு நேரம் போகும்?

பத்திநாதன்


பொரளை
30 ஏப்ரல் 1963

அன்புள்ள அத்தானுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஒன்பது தோட்டங்கள் ஓடுகின்றன. முதல் பட்டியல் வெளியே வந்தபோது அட்டை குத்தும் பெண்கள் கைதட்டினார்கள். நான் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

விஷயம் மூன்று அட்டைகள் மட்டும் அல்ல, அத்தான். அட்டையில் ஓர் இடம் ஒதுக்கி, பலகையில் புதிதாகக் கம்பி போட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். இப்போது கை வைத்தால் மற்ற மூன்று தோட்டங்களும் பிந்திவிடும். ஜூனில் நிச்சயம் செய்கிறேன். அதுவரை உங்கள் ஞாபகத்தில் அழகுமுத்து இருக்கிறானே, போதாதா?

அக்காவுக்கு இந்த மாதம் தலைசுற்றல் குறைந்ததா? பத்து வருடம் காத்திருந்து தரித்த பிள்ளை. பளுவான எதையும் தூக்க விடாதீர்கள்.

ஐவி


ஆனைக்குழி
27 ஆகஸ்ட் 1963

ஐவி,

உன் அக்காவுக்கு இந்த மாதம் பதினோராம் திகதி நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தந்தி கிடைத்திருக்கும்.

நான் ஒன்பது நாள் லீவில் அங்கேயே இருந்தேன். அந்த நாட்களில் அனுமதி கொடுக்கும் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அழகுமுத்து கல்யாணத்தை முடித்துக்கொண்டு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே, இலங்கைக்குக் கப்பல் ஏறுமுன் ஆட்களைச் சோதிக்கும் மண்டபம் முகாமுக்கு வந்துவிட்டான். அவன் உங்கள் தோட்டத்து ஆள்தானா, அவனுக்கு வேலை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஜூனில் ஹற்றனிலிருந்து மாற்றலாகி வந்த சின்னக் கிளாக்கர் செல்லசாமிக்கு அழகுமுத்துவைத் தெரியாது. உங்கள் கம்பெனிப் பட்டியலை எடுத்துப் பார்த்திருக்கிறான். ஜூலை, ஜூன், மே, ஏப்ரல். நான்கிலும் இல்லை. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை' என்று பதில் எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கி, அன்றைய தபாலிலேயே போட்டுவிட்டான்.

"பக்கத்து அறையில பழைய ஆளு கணக்கப்பிள்ளை இருந்தாரேடா, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன்.

"அச்சடிச்ச பட்டியல் இருக்கையில யாரப் போய்க் கேக்கச் சொல்றீங்க?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நான் வந்ததும் துரை வேறு கடிதம் எழுதிவிட்டார். அதற்குள் அழகுமுத்துவை முகாமிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய ஆறு மாத அனுமதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

காளியாயி காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் கலைந்ததும் கந்தோர் வாசலுக்கு வருகிறாள். பார்த்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள்.

ஜூன் என்று எழுதினாயே, ஐவி. எந்த வருஷத்து ஜூன்?

பத்திநாதன்


பொரளை
9 செப்டம்பர் 1963

அத்தான்,

உங்கள் கடிதத்தை ஒரு வாரத்துக்கு மேலாக வைத்துக்கொண்டிருந்தேன். காரணம் சொல்ல எனக்கு வழியில்லை. மேயில் பன்னிரண்டும் முடிந்தன. ஜூன் முதலாம் திகதி இன்னும் பதினெட்டுத் தோட்டங்கள் வந்தன. எல்லோரும் என் பலகையைக் கேட்டார்கள். குறிப்புப் புத்தகத்தில் உங்கள் பக்கத்தை நான் திறக்கவே இல்லை.

இரண்டு தரம் லீவு போட்டு அனுமதி கொடுக்கும் கந்தோருக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது எழுதிக்கொண்டு போன துண்டை நீட்டினேன். பின்னால் நின்ற ஒரு பெண் எனக்காகப் பேசினாள். அங்கிருந்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார்: திகதி முடிந்துவிட்டது; தோட்டம் முதலில் இல்லை என்றது, பிறகு ஆம் என்கிறது; இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முத்துலிங்கம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உம்மடை பலகையிலை பிழையில்லை, பிள்ளை. குடுத்த அட்டையை அது சரியாத்தானே எழுதினது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கோட்டைப் பலகையில் சேர்த்தேன். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினேன். பதினொரு கம்பிகள். சரிபார்த்து முடிக்கும்போது மூன்று மணி. ஒரு பகல் வேலை அத்தான். டோரீன் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிள்ளைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

ஐவி


ஆனைக்குழி
16 பெப்ரவரி 1964

அன்புள்ள ஐவி,

ஐந்து மாதம் எழுதவில்லை. உன் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பிள்ளைக்கு மத்தியாஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை இந்தக் குளிருக்கு உதவியது.

புதிய விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. இல்லை என்றுதான்.

போன புதன்கிழமை காளியாயி கந்தோருக்கு உள்ளேயே வந்தாள்.

"ஐயா, எம் பேர வெட்டிருங்க."

"வெட்டினா திரும்பப் போட ஏலாது, காளியாயி. நீ பொறந்தது இந்த லயத்தில. அந்த ஊர நீ கண்ணால கண்டிருக்கியா?"

"இல்லீங்க. புள்ளைக்கு அப்பன் வேணும்ல." முந்தானையை இழுத்துச் செருகினாள். "அவரு பேரு யாரும் வெட்டாமலே போயிருச்சு. எம் பேரு நான் கேட்டு வெட்டினதா இருக்கட்டுங்க."

அழகுமுத்துவின் அப்பாவையும் மாமனாரையும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் புதைத்தோம். காளியாயியின் அம்மா மட்டும் இங்கே மகனோடு இருக்கப் போகிறாள். அடுத்த மாதம் பதினான்காம் திகதி காளியாயி புறப்படுகிறாள். நானுஓயாவில் ரயில் ஏறி, பொல்கஹவெலயில் இறங்கி, தலைமன்னார் ரயிலுக்காகக் காத்திருப்பாள். உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பத்திநாதன்


பொரளை
15 மார்ச் 1964

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று பொல்கஹவெலக்குப் போனேன். நான்கு மணி இருக்கும். மேடையின் கோடியில், குழாய்க்குப் பக்கத்தில், பெட்டிமேல் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்ச நேரம் டிக்கெட் அறைப் பக்கமாகவே நின்றேன். பிள்ளைதான் என்னைப் பார்த்துக் கை காட்டியது. நான் யாரென்று தெரியாமலே.

"வாங்க தங்கச்சி" என்றாள் காளியாயி. எப்போதும் 'நீ' என்றுதான் பேசுவாள். நேற்று 'வாங்க' என்றாள்.

வெயில் எப்படி எரிகிறது, தோட்டத்தில் இப்படி எரிந்ததே இல்லை என்றாள். பிள்ளை நாகலெட்சுமிக்கு ரயில் பிடித்துப்போய்விட்டதாம்; இறங்க மாட்டேன் என்று அழுதாளாம். கொண்டுபோன பிஸ்கட்டைப் பிள்ளை கையில் கொடுத்தேன். நீங்கள் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே சொன்னேன். அட்டையை, பலகையை, நான் எழுதிய கடிதத்தை, ஜூன் மாதத்தை எல்லாம் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியாது. அவள் சடையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கோட்ட உங்க மெசின்ல போட எம்புட்டு நேரங்க ஆகும்?"

"ஒரு பகல்."

"ஒரு பகலா?" பின்னிய சடையை அவிழ்த்து மறுபடியும் பின்னத் தொடங்கினாள். "அப்ப என்னங்க அவசரம் தங்கச்சி? அம்புட்டு அவசரம் யாருக்குங்க?"

கோபமாகக் கேட்கவில்லை அத்தான். தெரியாததைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கம்பெனி என்று சொல்ல வாயெடுத்தேன். முத்துலிங்கம் ஐயா என்று சொல்லவும் நினைத்தேன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது சந்தோஷத்தில் சோறு இறங்காமல் இருந்தவள் நான்தானே. அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரயில் வந்ததும் பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான் பிடித்தேன். ஏறிய பிறகு பிள்ளையை யன்னல் பக்கம் இருத்துவதில் அவளுக்கு நேரம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

என்னை மன்னிக்கும்படி உங்களிடம் கேட்கவில்லை. நீங்கள் மன்னிக்கக்கூடிய காரியமும் அல்ல.

ஐவி


ஆனைக்குழி
22 மார்ச் 1964

அன்புள்ள ஐவி,

உன் கடிதத்தை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. இதையும் அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் உனக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். துரை புத்தகம் எழுதக் கூடாது என்ற பிறகும், ஒரு பழைய கொப்பியில் பென்சிலால் செக்ரோலை எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கந்தோர் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஏப்ரலில் எழுதினேன், மேயில் எழுதினேன். அழகுமுத்துவின் பேரையும் எழுதி, கோடும் போட்டேன். ஜூனில் நிறுத்திவிட்டேன்.

செல்லசாமி உங்கள் பட்டியலை மட்டும் பார்க்கவில்லை. என் இறாக்கைத் தட்டிலிருந்து அந்தக் கொப்பியையும் எடுத்துப் பார்த்திருக்கிறான். ஏப்ரலில் பேர் இருந்தது, மேயில் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கொப்பி எழுதுவதையே நான் நிறுத்தியது தெரியாமல், மேயோடு ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். அவன் அதை என்னிடம் சொன்னான். நான் உனக்குச் சொல்லவில்லை. எந்த வருஷத்து ஜூன் என்று உன்னைக் கேட்டு எழுதினேன்.

ஏன் நிறுத்தினேன் என்றால், உன் அக்கா தினமும் நடக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னர் நான் வீட்டுக்கு வர ஏழு மணியாகும். பட்டியல் வரத் தொடங்கிவிட்டதால், கொப்பியையும் விட்டால் நாலரைக்கே வந்துவிடலாம். ஜூன் மாதம் முழுவதும் நானும் அவளும் கோயில் முடக்கு வரை நடந்துபோய் வந்தோம். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் வெளிச்சத்தில் நாங்கள் சேர்ந்து நடந்ததில்லை. அவள் பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். கொப்பி ஞாபகம் வரும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பேன்.

நன்றாக இருந்தது ஐவி, அந்த ஜூன். காளியாயி உன்னைக் கேட்டாளே, அந்த அவசரம் யாருக்கென்று. எனக்கும்தான்.

பத்திநாதன்